எப்பம்மா சொல்லுவே ‘அப்பா’?

பந்தயம் என்னவோ ஒரு பட்டுப்புடவைக்குத்தான்!

“பாப்பா முதல்ல ‘அம்மா’ன்னுதான் சொல்லும்” என்றாள் என் மனைவி.

“கிடையவே கிடையாது... ‘அப்பா’தான்!” என்றேன் நான்.

தோற்றால் நான் பட்டுப்புடவை எடுத்துத் தரவேண்டும். சரி, ஜெயித்தால் எனக்கு என்ன? “ஜெயிச்சா உங்களுக்கு ‘அப்பா’ங்கிற பட்டமே கிடைச்சுருதே... அதுக்கு மேல என்ன வேணும் மாமா?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அவள் சொன்ன அந்த ‘மாமா’வை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வரும்.

எனக்கு ஊர், புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் ஒரு கிராமம். தொழில், ரேடியோ செட். கோயில் திருவிழா, காதுகுத்து, ஜல்லிக்கட்டு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் புளியமரத்தில் குழாயைக் கட்டி, ஊர்க்காதைக் கிழிக்கிற உத்தியோகம்! கட்டியது சொந்த அக்கா மகளை. ஆக, என் அக்காதான் எனக்கு மாமியார். பாப்பாவுக்கு அவர் அத்தையும் ஆச்சு, அம்மாச்சியும் ஆச்சு. “பாப்பா உனக்குப் பேத்தியா, கொள்ளுப்பேத்தியா?” என்று என் அம்மாவைக் கேட்டால், பாவம்... விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடும்!

பாப்பா பிறந்தது 2017 ஜூன் மாசம். நாலாவது மாசத்திலேயே ‘ங்கா... ஆ... ஊ...’ என்று கச்சேரியை ஆரம்பித்துவிட்டாள். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா சொல்லு... அப்... பா...” என்று மைக் டெஸ்டிங் மாதிரி ஓதிக்கொண்டே இருப்பேன். பழைய காலத்து நடிகர் பி.யு.சின்னப்பா எங்க புதுக்கோட்டைக்காரர்தான். 1940-களில் கொட்டகை கொட்டகையாகச் சனம் ‘சின்னப்பா... சின்னப்பா...’ என்று உருகியது. எனக்கு அவ்வளவு பேராசையெல்லாம் இல்லை சார். வெறும் ‘அப்பா’ போதும். அதுவும் ஒரே ஒரு வாயிலிருந்து!

★

குழந்தைகள் ஏன் ‘மா’, ‘பா’ என்றே ஆரம்பிக்கின்றன? எல்லாம் பிற்பாடு தேடித் தேடிப் படித்ததுதான், சொல்கிறேன்.

உதடு இரண்டையும் ஒட்டிப் பிரித்தால் போதும்... ‘ப’வும் ‘ம’வும் வந்துவிடும். நாக்கை வளைக்கவேண்டாம், மடிக்கவேண்டாம். (‘ழ’ அப்படியா? வளர்ந்த பிறகும் நமக்குத் தகராறு!) இரண்டு உதடும் சேர்ந்தால் பிறப்பவை ப, ம என்று தொல்காப்பியரே எழுதி வைத்துவிட்டார்.

1959-ல் ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். உலகத்துப் பல மொழிகளில் இருந்து திரட்டிய அம்மா, அப்பா சொற்கள் ஆயிரத்துக்கு மேல் அவர் கையில் இருந்தன. குழந்தை பால் குடிக்கும்போது வாய் அடைத்திருக்கும். அப்போது மூக்கு வழியாகத்தானே முனகமுடியும்? அதுதான் ‘ம்ம்ம்...’ பிறகு பசி எடுத்தாலும் அதே முனகல். உடனே ஓடி வருவது யார்? தாய்! அப்படியாகத்தானே ‘ம’ அம்மாக்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்கிறார் அவர். மிச்சம் கிடந்த ‘ப’வை அப்பாக்கள் எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்ஜியா என்று ஒரு நாடு. அங்கே ‘மாமா’ என்றால் அப்பா! ‘தேதா’ என்றால் அம்மா! நம் ஊரில் குழந்தை ‘மாமா’ என்று உளறினால், “பார்த்தீங்களா, என்னைத்தான் கூப்பிடுது” என்று தாய்மாமன்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். என் மச்சினனும் அதற்குத் தயாராகத்தான் காத்திருந்தான்.

எங்க மாவட்டத்தில் குடுமியான்மலை பார்த்திருக்கிறீர்களா? அங்கே பாறையில் ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ச, சி, சு, சே... ர, ரி, ரு, ரே... என்று ஸ்வர எழுத்துக்களை உயிர் மாற்றி மாற்றி வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். ஆறேழு மாசத்தில் எந்தக் குழந்தையும் கிட்டத்தட்ட இந்தப் பாட்டைத்தான் பாடுமாம். ‘பபபா... தததா... மமமா...’ இந்த மழலைதான் பேச்சுக்கு அஸ்திவாரம்.

எங்கள் பாப்பா அந்தப் பாட்டைப் பாடவே இல்லை.

‘ஆ... ஊ...’ என்று ஜோராக ஆரம்பித்தவள், நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே வந்தாள். சிரிப்பு உண்டு, அழுகை உண்டு, அடம் உண்டு. ‘பா’ மட்டும் இல்லை. ‘மா’வும் இல்லை.

★

ஒரு வயசுப் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டினோம். எல்லாரும் ஆளுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

“இவன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலையே... அப்பனுக்குப் பிள்ளை தப்பாமத்தானே பொறந்திருக்கு!” இது என் அம்மா, அதாவது பாப்பாவின் அப்பத்தா.

“பொம்பளப் புள்ளதானே... சேத்து வச்சு ஒரே நாள்ல பேசித் தீத்துரும்!” இது டீக்கடையில் ஒருத்தர்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். வசம்புக்கு எங்க பக்கம் என்ன பேர் தெரியுமா? ‘பேர் சொல்லா மருந்து.’ ராத்திரியில் அதன் பேரைச் சொல்லக்கூடாதாம். பேர் சொல்லவேண்டிய பிள்ளைக்குப் பேர் சொல்லா மருந்து! (பச்சைக்குழந்தை நாக்கில் வசம்பெல்லாம் தடவாதீர்கள் என்று பிற்பாடு டாக்டர் திட்டினார்.) ஒரு கிளினிக்கில் காட்டியபோதுகூட, “எதுக்கு அவசரம்? மூணு வயசு வரைக்கும் பாருங்க” என்று இருமல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சமாதானத்தை நானே வைத்திருந்தேன். திருவிழாவில் குழாய்க்கு நேர் கீழே பாப்பாவைப் படுக்க வைத்திருப்போம். வேட்டுச் சத்தம், கொட்டுச் சத்தம், போதாததுக்கு என் பாட்டுச் சத்தம்... அவள் பாட்டுக்குத் தூங்குவாள். “ரேடியோ செட்டுக்காரன் மகள்னா சும்மாவா? தொட்டில்லயே பழகிருச்சு!” என்று ஊரே சொல்லும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு. இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

2018 நவம்பர் 15 ராத்திரி. எங்க பக்கத்து ஆட்கள் யாரும் அந்த ராத்திரியை மறக்க மாட்டார்கள். கஜா புயல்!

விடிந்தால் நவம்பர் 16. நடுராத்திரிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல், மேற்கே நகர்ந்து எங்களை மொத்த ஆரம்பித்தது. காற்றா அது? நூறு லாரி வாசலில் நின்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மாதிரி ஓர் உறுமல். மேலே தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. தோப்பில் தென்னைமரங்கள் ஒவ்வொன்றாக ‘சடார்... சடார்...’ என்று முறிகின்றன. கரண்டு இல்லை. நாங்கள் அத்தனை பேரும் உள்வீட்டில் ஒரு மூலையில் ஒண்டிக்கிடக்கிறோம். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றாலும் காதுக்குள் கத்தவேண்டும். வீட்டை ஒட்டி நின்ற பலாமரம் கொல்லைச்சுவர் மேல் விழுந்தது பாருங்கள்... என் அக்கா, “ஆத்தா... மாரியாத்தா!” என்று அலறிவிட்டது.

பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் வாயில். கண் இமைகூட அசையவில்லை.

“பாரேன்... என்ன தெம்பு எம் பேத்திக்கு!” என்றது அக்கா, அந்தப் பயத்திலும் சிரித்துக்கொண்டு. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு நின்றுபோனது.

என் தொழிலில் இது சகஜம். ஆம்ப்ளிஃபயரில் முழுசா வால்யூம் வைத்தும் சத்தம் வரவில்லை என்றால், முதலில் என்ன பார்ப்போம்? ‘எங்கேயோ ஒயர் விட்டிருக்கு’ என்றுதானே? பதினேழு மாசம் கூடவே இருந்து எனக்கு அது தோன்றவில்லை. அந்த இருட்டில்தான் தோன்றியது.

மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. விடிகிற வரை பாப்பாவின் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

★

விடிந்து பார்த்தால் ஊரே படுத்துவிட்டது. தென்னை, பலா, வாழை எதுவும் பாக்கியில்லை. என் குழாய் எட்டில் ஆறு நசுங்கிக் கிடந்தன. ரோடெல்லாம் மரம். கரண்டு வர நாள் கணக்காகும் என்றார்கள். அந்த நாட்களில் ஜெனரேட்டரைப் போட்டு ஊராருக்கு செல்போன் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தபடியே, யாருக்கும் தெரியாமல் பாப்பாவுக்குப் பரீட்சை வைத்தேன்.

முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். ‘டங்!’ பாப்பா திரும்பினாள்!

“அடியே... கேக்குதுடி!” என்று கத்திவிட்டேன். பதறி ஓடி வந்தவளிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதே தட்டை எடுத்தாள். அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கரண்டியால் அடித்தாள். பாப்பா திரும்பவில்லை. மறுபடி அடித்தாள். ஊஹூம்!

தரையில் விழுந்தபோது பாப்பா திரும்பியது அதிர்ச்சி உடம்பில் பட்டதால். சத்தத்துக்கு இல்லை. வீட்டில் கைதட்டியும், தட்டு போட்டும் பார்க்கிற ஆயிரம் பேர் இப்படித்தான் ஏமாறுகிறோம்.

டிசம்பரில் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து திருச்சி. முதலில் ஒரு சின்னக் குமிழைக் காதுக்குள் வைத்து ஒரு டெஸ்ட். ஓ.ஏ.இ. என்கிறார்கள். சில நிமிஷ வேலைதான். பிறகு ‘பெரா’ என்று இன்னொன்று. குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதோரத்திலும் ஒயரை ஒட்டி, காதுக்குள் ‘டிக்... டிக்...’ சத்தம் அனுப்புகிறார்கள். சத்தம் போய்ச் சேர்ந்தால் மூளையின் பதில் திரையில் அலையலையாக வரும். எந்திரக் கோடு எனக்குப் பழக்கம்தான். தொண்ணூறு டெசிபலுக்கு மேல் ஏற்றியும், பாப்பாவின் கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது.

“வாய்ல ஒரு குறையும் இல்லீங்க. தொண்டையும் நல்லாத்தான் இருக்கு. காதுதான்” என்றார் டாக்டர். “கேக்காத வார்த்தையைக் குழந்தை எப்படிச் சொல்லும்?”

‘அப்பா சொல்லு, அப்பா சொல்லு’ என்று நான் ஓதிய அத்தனை மாசமும் என் மைக் ஆஃபிலேயே இருந்திருக்கிறது!

அடுத்து அவர் கேட்ட கேள்வி: “சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?”

தலையாட்டினேன். பென்சிலால் படம் போட்டு விளக்கினார். பிறவியிலேயே காது கேளாமல் போவதற்குப் பல காரணங்கள். அதில் பாதிக்கு மேல் மரபணு வழியாக வருவது. பழுதான மரபணு ஒன்று அப்பாவிடம் இருக்கலாம், அம்மாவிடமும் இருக்கலாம். ஒற்றையாக இருக்கிற வரை அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, இருப்பதே தெரியாது. இரண்டு பேரிடமிருந்தும் அதே பழுது குழந்தைக்கு வந்து சேர்ந்தால்தான் வம்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வெளியில் கட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே பழுது இருப்பது அபூர்வம். மாமனும் அக்கா மகளும் என்றால்? ஒரே பெட்டியில் இருந்து எடுத்த சாவிகள் ஆச்சே!

“சொந்தத்துல கட்டுனவங்க பிள்ளைங்க முக்கால்வாசிப் பேர் நல்லாத்தான் இருக்காங்க. உங்களைக் குத்தம் சொல்லக் கேக்கலை. அடுத்த குழந்தை பெத்தா, பிறந்த உடனே டெஸ்ட் பண்ணணும்... அதுக்குத்தான் கேட்டேன்” என்றார்.

டாக்டர் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் என் அக்கா தன் தலையிலேயே அடித்துக்கொண்டது. “சொத்துக்கு ஆசைப்பட்டா குடுத்தேன்? தம்பி கண்ணு கலங்காம வச்சுக்குவான்னுதானே குடுத்தேன்...” அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. பாப்பா மட்டும் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

★

முதலில் காதுமெஷின் போட்டுப் பார்த்தார்கள். மூன்று மாசம். பலன் இல்லை. “காக்ளியர் இம்ப்ளான்ட்தான்” என்றார் டாக்டர்.

நான் விழித்தேன். அவர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, “அப்ப உங்களுக்கு ஈஸி” என்றார். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று எலும்பு இருக்கிறது. அதன் பேர் காக்ளியா. உள்ளே மெல்லிய மயிர்ச்செல்கள். சத்தத்தின் அசைவை மின்சாரமாக மாற்றி நரம்புக்கு அனுப்புவது அவைதான். மைக்கும் அதைத்தானே செய்கிறது? பாப்பாவுக்கு அந்தச் செல்கள் வேலை செய்யவில்லை. ஆகவே காதுக்குப் பின்னால் ஒரு மைக் மெஷின். தலைத்தோலுக்கு மேலே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். தோலுக்குள்ளே ஒரு கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நத்தைக்கூட்டுக்குள் போய், நேராக நரம்புக்கே மின்சாரம் கொடுக்கும்.

“புரிஞ்சது சார். மைக் போச்சு... அதனால நேரா லைன்-இன் குடுக்குறீங்க!”

டாக்டர் சிரித்துவிட்டார். “இந்த உதாரணத்தை இனிமே நான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்!”

இந்தக் கருவிக்குப் பின்னாலும் ஓர் அப்பா இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் காம்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். காது சரியாகக் கேட்காது. வாடிக்கையாளர்கள் கடையில் நின்று தேவையைக் கத்திச் சொல்லவேண்டிய நிலைமை. அதைப் பார்த்து வளர்ந்த மகன் கிரேம் கிளார்க், காது டாக்டர் ஆனார். நத்தைக்கூட்டின் வளைவுக்குள் கம்பியை முறியாமல் எப்படி நுழைப்பது? இது பிடிபடாமல் தவித்தார். 1977-ல் கடற்கரைக்குப் போனவர், அங்கே கிடந்த சங்குக்குள் ஒரு புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்துகொடுத்து, அடி விறைப்பாக இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. கம்பியும் அப்படித்தான் இருக்கவேண்டும்! 1978 ஆகஸ்ட் 1-ம் தேதி மெல்பர்னில், விபத்தில் கேட்கும் சக்தியை இழந்த ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு முதன்முதலாகத் தன் கருவியைப் பொருத்தினார் கிளார்க். அப்பாவின் குரலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், பிள்ளையின் குரலுக்காகக் காத்திருக்கும் அப்பாக்களுக்கும் ஒரு புல் போட்ட வழி அது!

ஆப்பரேஷனுக்குப் பல லட்சம் ஆகும். நசுங்கின குழாயை விற்றால் பேரீச்சம்பழம்தான் கிடைக்கும்! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கை கொடுத்தது. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அதில் இந்தச் சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, அட்டை, ஸ்கேன், தடுப்பூசி என்று அலைந்து 2019 ஆகஸ்டில் திருச்சியில் ஆப்பரேஷன் முடிந்தது. மூன்று வாரம் கழித்து, மெஷினை ‘ஆன்’ பண்ணினார்கள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? சினிமாவில் கட்டு அவிழ்த்ததும் கண் தெரியுமே... அந்த மாதிரி பாப்பா திரும்பி ‘அப்பா’ என்று ஓடி வரும் என்று! பாப்பா வீறிட்டு அழுதாள். மெஷினைப் பிடுங்கி எறிந்தாள்.

“நல்ல அழுகைங்க இது. ஏதோ புதுசா வருதுன்னு தெரியுது” என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா. “பாப்பாவுக்கு ரெண்டு வயசு. பாப்பா காதுக்கு இன்னிக்குத்தான் பிறந்தநாள். இனி ஒரு வருஷம் பொறுங்க. சும்மா பொறுக்கக்கூடாது... பேசிக்கிட்டே பொறுக்கணும்!”

★

மறுபடியும் காத்திருப்பு. இந்தத் தடவை மைக் ஆனில்!

காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் செய்வதையெல்லாம் வாயால் சொல்லவேண்டும். ‘உதட்டைக் கையால மறைச்சுக்கிட்டுச் சொல்லுங்க, உதட்டைப் பார்க்கக்கூடாது, காதால வாங்கணும்’ என்று உத்தரவு. வீட்டில் வாயே திறக்காதவன் என்று பேர் வாங்கியிருந்த நான், ஜல்லிக்கட்டு வர்ணனையாளன் ஆனேன். “இதோ... அப்பா சட்டை போடுறேன்! இதோ பாப்பாவுக்குத் தோசை வருது! ரெண்டு துண்டாப் பிக்கிறோம்!” பக்கத்து வீட்டுக்காரர் என் மச்சினனைத் தனியே கூப்பிட்டு, “மாப்ளைக்கு ஏதும் மனசு சரியில்லையா?” என்று விசாரித்திருக்கிறார்!

2020 மார்ச்சில் ஊரடங்கு. திருவிழா கிடையாது, கல்யாணம் கிடையாது... எனக்குத் தொழிலும் கிடையாது. திருச்சிக்குப் போக முடியாததால் பயிற்சியும் போனில்தான். வேலையில்லாத அப்பாவும் பேச்சு வராத மகளும் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

மே மாசம் ஒரு சாயங்காலம். திண்ணையில் எனக்குக் கண்ணைச் சொக்கிவிட்டது. கொல்லையிலிருந்து என் மனைவி வழக்கம்போல ஒரு குரல் கொடுத்தாள்:

“மாமா...! மோட்டாரை நிறுத்துங்க! தொட்டி ரொம்பி ஓடுது!”

நான் அசையவில்லை. அப்போது நடைக்குள்ளிருந்து இன்னொரு குரல். சின்னதாக. ஆனால் அதே இழுப்பு, அதே அதட்டல்.

“மா...மா!”

எழுந்து உட்கார்ந்தேன். வாசப்படியில் பாப்பா. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் வாய் திறக்கவில்லை என்றதும் இன்னொரு தடவை: “மா...மா!”

கரண்டியோடு ஓடிவந்தது அக்கா. ஈரக்கையோடு ஓடிவந்தாள் இவள். ஒருத்தரும் பேசவில்லை. தண்ணி பாட்டுக்குத் தெருவரை ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தணும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைப் போனில் கேட்ட மச்சினன், “அது என்னையத்தான்!” என்றான். விடுவானா?

அவள் அம்மா என்னைக் கூப்பிடுவதைக் காதால் வாங்கி, ‘இந்த ஆள் பேர் இதுதான்’ என்று கண்டுபிடித்து, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள் என் மகள். சொந்தத்தில் கட்டினதால் வந்தது என்று அழுத என் அக்காவும் அதை நின்று கேட்டது. “அவ ஆத்தா மாதிரியே கூப்பிடுறாடா...” என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

‘அப்பா’ வந்தது அதற்கு ரெண்டு மாசம் கழித்து. பெரிய சீன் எல்லாம் இல்லை. பீரோ மேல் இருந்த பலூன் அவளுக்கு எட்டவில்லை. “அப்பா... தா!” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. இருந்தாலும் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பட்டு இல்லை... சுங்குடி. தொழில் இல்லாத வருஷம், மன்னிச்சுவிட்டாள்.

★

இதையெல்லாம் நான் எழுதுவது ‘என் மகள் பேசிட்டாள்’ என்று பறை சாற்ற இல்லை. ‘மூணு வயசு வரை பாருங்க’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான்.

உலகம் முழுக்கக் காது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு 1-3-6. ஒரு மாசத்துக்குள் முதல் டெஸ்ட். மூன்று மாசத்துக்குள் உறுதி. ஆறு மாசத்துக்குள் சிகிச்சை. பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்குக் காது கேட்பதில் குறை இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மூளை, மொழியை வாரிக்கொள்ளும் காலம் முதல் இரண்டு, மூன்று வருஷம். நான் ஒன்றரை வருஷத்தைச் சும்மா விட்டேன். அதற்கான வட்டியை என் மகள் இன்றைக்கும் கட்டுகிறாள். ‘ச’வும் ‘ஷ’வும் இன்னும் அவளைப் படுத்துகின்றன.

முதல் ஐந்தாறு மாசம் காது கேளாத குழந்தையும் ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும். அதை வைத்து ஏமாறாதீர்கள். ஒன்பது, பத்து மாசத்தில் ‘பபபா, மமமா’ இல்லையா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடவில்லையா? கிளம்புங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்காகவே மாவட்டங்களில் இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் பிறந்த வாரமே கேளுங்கள். எங்கள் இரண்டாவது பையனுக்குப் பிறந்த மூன்றாம் நாளே டெஸ்ட் பண்ணினோம். பயலுக்குக் காது கூர்மை. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்டால்கூட வந்துவிடுவான்!

கருவியைப் பொருத்திவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பயிற்சிதான் முக்கால் வைத்தியம். பேட்டரி, கேபிள் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். மழையில் நனையவிடாமல், தலையில் அடிபடாமல் காபந்து பண்ணவேண்டும்.

பாப்பா இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் படிக்கிறாள். நான் எந்தச் சொல்லுக்காக மூன்று வருஷம் தவம் கிடந்தேனோ, அந்தச் சொல் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை காதில் விழுகிறது. “அப்பா பென்சில்... அப்பா இவன் அடிச்சுட்டான்... அப்பா இங்க பாரு...” சில நேரம் ‘ஐயோ, கொஞ்சம் சும்மா இரேன்’ என்றுகூடத் தோன்றுகிறது!

அவளுக்கும் அப்படித் தோன்றும்போலிருக்கிறது. போன வாரம் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று குரலை உயர்த்திக் கத்த ஆரம்பித்தேன். நிதானமாக என்னைப் பார்த்தாள். “அப்பா... போதும்” என்றாள்.

தலையில் இருந்த வட்டத்தைக் கழற்றிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, படம் வரையப் போய்விட்டாள்!